மேசை மேல் நடப்பவன்

ஹூஸ்டன்
4 மே 1956

அன்புத் தம்பி லூஷியஸுக்கு,

உன் உதடும் பல்லும் நலம்தானே? மற்றதை அப்புறம் விசாரிக்கிறேன்.

ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கல்யாணம். சிரிக்காதே. மாப்பிள்ளை, முடிதிருத்தும் கடை டாலிவர். ஜூன் 16, சனிக்கிழமை. நான் சர்ச்சுக்குள் வரும்போது நீ சாக்ஸஃபோன் வாசிக்க வேண்டும். போதகர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: "உங்க தம்பி நின்ன எடத்துலயே நிக்கணும் டீச்சர். மதுக்கடை மேசையில ஏறி நடக்கற மாதிரி இங்க பெஞ்சுல ஏறினா, நான் எறங்கிப் போயிடுவேன்."

அன்புடன்,
அக்கா வெர்டெல்

கான்சஸ் சிட்டி
15 மே

அன்புள்ள அக்கா,

டாலிவருக்கு என் அனுதாபங்கள். உனக்கு முத்தங்கள்.

இருபது வருடமாகக் கோப்பைகளுக்கு நடுவே மேசை மேல் நடந்தபடியேதான் வாசிக்கிறேன். நின்றால் மூச்சு வருவதில்லை. வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லிக் கால்களை நாற்காலியோடு கட்டிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே நானும் நாற்காலியும் சமையலறைக்குப் போய்விட்டோம். "கல்யாணத்துக்கு நாக்காலிக்கும் பத்திரிகை வந்திருக்கா?" என்கிறாள்.

உன் சபைக்கு முன்னால் உன்னைத் தலைகுனிய வைக்க மாட்டேன். நான் வரவில்லை, அக்கா. கோபிக்காதே.

லூஷியஸ்

ஹூஸ்டன்
23 மே

தம்பி,

கோபித்தேன். இப்போது தணிந்துவிட்டேன்.

என் வகுப்பில் பூலா என்று ஒரு சிறுமி இருந்தாள். உட்கார்ந்தால் ஏழாம் வாய்ப்பாடு வராது. கயிறு தாண்டிக்கொண்டே சொன்னால் ஒரு தப்பும் வராது. அவளை உட்காரச் சொல்வதையே விட்டுவிட்டேன்.

நேற்று போதகரிடம் போய்க் கேட்டேன்: "எங்கப்பா இல்ல. என்னைக் கூட்டிட்டு வரவேண்டியவன் என் தம்பி. கூட்டிட்டு வர்றவன் நிப்பானா, நடப்பானா?"

தாடையைச் சொறிந்தார். "நடப்பான்."

"அப்ப எங்க வீட்டுலேருந்தே நடக்கட்டும்."

"தரையில, டீச்சர்! தரையில!"

ஆக, சர்ச் வரை நான்கு தெரு. நீ வாசித்துக்கொண்டே முன்னால் நட. நான் பின்னால் வருகிறேன். நீ வராவிட்டால் தனியாக நடப்பேன். வேறொருவரைக் கேட்க மாட்டேன்.

அக்கா

கான்சஸ் சிட்டி
31 மே

அக்கா,

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். பொரித்த கோழியில் தொடைப்பகுதி எனக்கு. டாலிவரிடம் இப்போதே சொல்லிவிடு.

ஒரே ஒரு கவலை. இத்தனை வருடம் நடந்திருக்கிறேன், யாரும் என் பின்னால் வந்ததில்லை. நீ வருகிறாயா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அப்போது சுரம் தப்பினால் பொறுத்துக்கொள்.

உன்
லூஷியஸ்