வலது பக்கப் பெட்டி

ஆகஸ்ட் 19

மாடுகளை ஏற்றிக்கொண்டு கடைசி லாரி காலை ஏழேகாலுக்குக் கிளம்பியது. கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். சாத்த வேண்டிய அவசியமே இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. கை பழக்கத்தில் சாத்திவிட்டது.

இந்தச் சிவப்பு நோட்டு தீவனக் கடையில் சும்மா கொடுப்பது. கன்று ஈன்ற தேதி, காது எண், காளையா கிடாரியா என்று எழுத. இனி எழுதக் கன்று இல்லை. பாதி நோட்டு காலியாகக் கிடக்கிறது. வீணாக்குவானேன்.

வருத்தமாக இருக்கிறதா என்று பக்கத்துப் பண்ணை கஸ் போனில் கேட்டான். இல்லை என்றேன். உண்மைதான். ஒன்றுமே தோன்றவில்லை.

ஆகஸ்ட் 20

நடந்ததை ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். பண்ணை என்னுடையது இல்லை. ராஸ்மசன் அம்மாளுடையது. நான் சம்பளத்துக்கு மாடு பார்த்தவன், வீடு வேலையோடு வந்தது. இருபத்தாறு வருஷம். ஜூனில் அம்மாள் போய்ச் சேர்ந்தாள். மகன்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவருக்கு வீடு காலியாக வேண்டுமாம்.

ஜூலையில் மூத்தவன் வந்து என் வண்டி ஜன்னலில் சாய்ந்துகொண்டு, அக்டோபர் ஒன்றுக்குள் காலி செய்ய முடியுமா என்று கேட்டான். சரி என்றேன். கை குலுக்கினோம். வைக்கோல் கட்டு ஏற்றும் டிரக்கை நீயே வைத்துக்கொள் என்றான். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

என் மனைவி நோரீன் அப்போது இருபது அடி தள்ளிப் பட்டாணி பறித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் வீட்டைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 23

கேம்பர் ஒன்று வாங்கிவிட்டேன். டிரக்கின் முதுகில் தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி. உள்ளே கட்டில், அடுப்பு, தொட்டி, சின்ன மேஜை. வயது முப்பது இருக்கும். மேற்கூரை ஒழுகவில்லை என்று விற்றவன் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவை சொன்னால் சந்தேகப்பட வேண்டும், படவில்லை.

திட்டம் இதுதான். அக்டோபரில், இங்கிருந்து கிழக்கே முந்நூறு மைலில் இருக்கும் சிட்னி என்கிற ஊர்ப் பக்கம் சர்க்கரை பீட் அறுவடை. அங்கே எல்லோரும் கேம்பரில்தான் தங்குவார்கள். பிப்ரவரியில் வயோமிங்கில் ஒரு பண்ணையில் கன்று ஈனும் பருவத்துக்கு ஆள் வேண்டுமாம். நடுவில் இரண்டு மாதம், பார்த்துக்கொள்ளலாம்.

நோரீன் உள்ளே ஏறிப் பார்த்தாள். அடுப்பின் கதவைத் திறந்தாள், மூடினாள். "சின்னது" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

இதையும் நான் அவளைக் கேட்காமல்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

ஆகஸ்ட் 24

பில்லிங்ஸிலிருந்து நோரீனின் அக்கா வெர்னா போன் செய்தாள். கீழறை காலியாக இருக்கிறதாம். கதகதப்பாக இருக்குமாம். நோரீன் சொன்னது அவ்வளவுதான். எனக்கும் சேர்த்தா அவளுக்கு மட்டுமா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26

அளவு எடுத்தேன். கேம்பர் சாதாரண பிக்கப்புக்காகச் செய்தது. இரண்டு பக்கச் சுவருக்கு நடுவில் உட்காரும்படி கீழே ஒடுங்கியும் மேலே அகன்றும் இருக்கிறது. என் டிரக்குக்குச் சுவர் கிடையாது, வெறும் தட்டைத் தளம். ஏற்றினால் இரண்டு பக்கமும் கீழே காலி இடம் விழும். அதில் நீளமாகப் பெட்டி அடிக்கலாம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

கேம்பரின் நாலு மூலையிலும் ஜாக்கி கால். அந்தக் கால்களுக்கு நடுவில் டிரக்கைப் பின்னால் விட வேண்டும். கால்களுக்கு நடுவில் தொண்ணூற்றிரண்டு அங்குலம். தளம் தொண்ணூற்றாறு. நாலு அங்குலம் உதைக்கிறது.

வேலை இருந்தால் நல்லது. நாள் போகிறது.

செப்டம்பர் 1

கஸ் வெல்டிங் சாமானோடு வந்தான். முப்பது வருஷத் தோழன். ஜாக்கி கால்களை வெளியே தள்ளி வைக்க இரும்புக் கை அடித்துக் கொடுத்தான். கேபினுக்குப் பின்னாலிருந்த இரும்புத் தடுப்பை வெட்டி எடுத்தோம், கேம்பர் இன்னும் ஒரு முழம் முன்னால் போகும். கேம்பரின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கிறது, எடையின் நடு அதுதான். அது பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டுமாம். இல்லாவிட்டால் முன்சக்கரம் லேசாகிவிடும், நீ ஒரு பக்கம் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் போகும் என்றான்.

வேலை முடிந்து காபி குடிக்கும்போது, நோரீன் என்ன சொல்றா என்று கேட்டான். அடுப்பு சின்னதாம் என்றேன். கோப்பையைக் கீழே வைத்தான். "அதையா கேட்டேன்" என்றான்.

செப்டம்பர் 4

முதல் தடவை ஏற்றினேன். கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்றால், ஆயுசு முழுக்க டிராக்டரையும் தீவன டிரம்மையும் எப்படிக் கட்டினேனோ அப்படி. நாலு மூலைக்கும் கனத்த சங்கிலி. நெம்புகோலைப் போட்டு, அதன் மேல் குழாயைச் செருகி, முழு எடையையும் கொடுத்து இழுத்தேன். சங்கிலி விண்ணென்று நின்றது. ஒரு கிரீச் கேட்டது. சங்கிலிச் சத்தம் என்று நினைத்தேன்.

கேட் பக்கம் மாடு தாண்டாமல் போட்டிருக்கும் இரும்புக் கம்பிப் பாலத்தில் ஏறி இறங்கினேன். மெதுவாகத்தான். படாரென்று ஒரு சத்தம். முன் இடது கொக்கி பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது, கூடவே மூலைக் கட்டையில் ஒரு சாண். உள்ளே மரம் கருகருவென்று மக்கிப் போயிருந்தது. ஒழுகவில்லையாம். மூன்று தடவை!

நோரீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தாள். சங்கிலியைத் தொட்டாள்.

"இது டிராக்டர் இல்ல டெல்மர். வீடு."

திரும்பிப் போய் மிச்சத் துணியைக் காயப்போட்டாள்.

செப்டம்பர் 5

ஒன்றும் செய்யவில்லை. எங்கள் நாய் டிப், மாடு இல்லாத தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நானும்.

செப்டம்பர் 9

மக்கினதையெல்லாம் வெட்டி எறிந்தேன். நினைத்ததைவிட அதிகம். புது மரம் வைத்து, பசை போட்டு, உள்பக்கம் இரும்புத் தகடு கொடுத்து போல்ட் முடுக்கினேன். மற்ற மூன்று மூலையையும் குத்திப் பார்த்தேன், கெட்டி.

கஸ் டிரக்கின் சட்டத்திலேயே வளையம் அடித்துக் கொடுத்தான், மேல் தளத்தில் இல்லை. சங்கிலிக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த திருகுக் கொக்கி. கையால் முடுக்கினால் போதும், கொஞ்சம் அசைய விட வேண்டும். "கன்னுக்குட்டிய கீழ தள்ளிக் கட்ட உன்ன மாதிரி ஆள் கிடையாதுடா" என்றான். "ஆனா எல்லாத்தையும் அப்படியே கட்டிப் பழகிட்ட."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 13

பெட்டிகள் முடிந்தன. எட்டடி நீளம், கதவு கீழ்நோக்கித் திறக்கும். இடது பக்கத்தில் என் சாமான்: ஜாக்கி, சாவிகள், கம்பி முறுக்கி, கன்று இழுக்கும் சங்கிலி, சேணம். நிறைந்துவிட்டது.

நோரீனிடம் போய், வலது பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். பீன்ஸை ஜாடியில் அடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று இந்த வருஷமும் நாற்பது ஜாடி போட்டிருக்கிறாள் என்று தெரியவில்லை.

"உன் வண்டி. உனக்கு எது வேணுமோ வை."

செப்டம்பர் 14

வலது பக்கம் காலி.

செப்டம்பர் 20

தானியக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோனேன். கோதுமை சீசன் முடிந்துவிட்டதால் மேடை பார்க்கும் ஹார்லன் சும்மா உட்கார்ந்திருந்தான், காசு வாங்க மாட்டான். வண்டி பார்த்தாலே இடது பக்கம் சாய்ந்திருந்தது, என் சாமான் எல்லாம் அந்தப் பக்கம். அப்படியே சிட்னி வரை முந்நூறு மைல் போனால் டயர் கதை முடிந்தது. அதனால் கிளம்பும் முன்னே மாட்டுக்கு வைக்கும் உப்புக்கட்டி நாலை வலது பெட்டியில் போட்டிருந்தேன். கட்டி ஒன்று ஐம்பது பவுண்ட். வண்டி நேராக நின்றது.

ஒலிபெருக்கியில் ஹார்லன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். உள்ளே எத்தனை பேர்?

ஒருத்தன், ஒரு நாய் என்றேன்.

முன் அச்சு 3,840. பின் அச்சு 6,020. மொத்தம் 9,860. தாங்கும். முன்பக்கம் இன்னும் கொஞ்சம் கனம் இருந்தால் நல்லது என்றான் ஹார்லன்.

திரும்பி வரும்போது நோரீன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பெட்டியைத் திறந்தாள். நாலு உப்புக்கட்டி. மூடினாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 22

கேட்காமலே இருக்கிறேன். ஏன்? கேட்டால்தானே 'வரலை' என்று சொல்ல முடியும். கேட்காதவரைக்கும் சொல்ல முடியாது. பெரிய கெட்டிக்காரன் நான். இருபத்தாறு வருஷம் ஒருத்தியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, அவள் இருக்கிற இடத்தில் உப்பைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 24

கேட்டுவிட்டேன்.

மதியச் சாப்பாடு. உருளைக்கிழங்கும் நேற்றைய இறைச்சியும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன். "வீட்டைப் பத்தி உன்னக் கேட்டிருக்கணும். கேம்பரப் பத்தியும் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு. இப்பக் கேக்கறேன், எங்கூட வர்றியா?"

கையை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் செத்துக் கிடந்த எதுவோ நெஞ்சுக்குள் புரண்டது, வலித்தது.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதக் கேக்க உனக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

"ஆமா."

"எனக்கும் கொஞ்ச நாள் வேணும்."

நியாயம்தான். தட்டுகளை நான் கழுவினேன்.

செப்டம்பர் 26

அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து. எது எங்கே போகிறது என்று எழுதவில்லை, என்ன இருக்கிறது என்று மட்டும்.

செப்டம்பர் 28

வெர்னா பெரிய வேனோடு வந்தாள். கண்ணாடி அலமாரி, தையல் மெஷின், போர்வைகள், பதினெட்டு அட்டைப்பெட்டி. நான்தான் தூக்கி ஏற்றினேன். வெர்னா என்னிடம் நன்றாகத்தான் பேசினாள், நோயாளியிடம் பேசுகிற மாதிரி. நோரீன் அவளோடு வேனில் உட்கார்ந்துகொண்டு போனாள். சாமானை இறக்கி வைக்க வேண்டுமாம், நாளைக்குக் காலை வருகிறாளாம். எதற்கு வருகிறாள் என்று சொல்லவில்லை. மிச்சம் துடைத்துப் பெருக்க இருக்கிறது, அதற்காக இருக்கும்.

வாசலில் அவளுடைய ரப்பர் பூட்ஸ் இல்லை. எப்போதும் அங்கேதான் இருக்கும். அதைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

செப்டம்பர் 29

காலையில் டிப்பைக் கூப்பிட வெளியே போனேன். வேலி ஓரமாக உப்புக்கட்டி நாலும் வரிசையாக அடுக்கியிருந்தது. யாருடைய மாடோ வந்து நக்கட்டும் என்பது போல.

வண்டியைப் பார்த்தேன். சாயவில்லை. நேராக நின்றது.

வலது பெட்டியைத் திறந்தேன். துண்டு சுற்றிய பீன்ஸ் ஜாடிகள், நாற்பதும் இருக்கும். ஜாடி வேகவைக்கும் பெரிய பாத்திரம். வார்ப்பிரும்பு வாணலி. மூலையில் ரப்பர் பூட்ஸ். நேற்று வெர்னா வருவதற்கு முன்னாலேயே, நான் தொழுவத்தில் இருந்தபோது வைத்திருக்கிறாள். ராத்திரி பூராவும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இது இங்கேயே இருந்திருக்கிறது.

பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போதுமான அளவுக்கு.

பத்து மணிக்கு வெர்னா அவளைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போனாள். நோரீன் என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். சின்ன அடுப்பில் வாணலி சாயாமல் உட்காருமா என்று மட்டும் அளந்து பார்த்ததாகச் சொன்னாள். உட்காருமாம். வெர்னா வீட்டில் இருப்பதெல்லாம் நாங்கள் ஒரு இடத்தில் நிற்கும்வரை அங்கே இருக்குமாம். அடுத்த தடவை கேட்காமல் எதையாவது முடிவு பண்ணினால் சங்கிலி போட்டு என்னைக் கட்டுவாளாம்.

பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "எடை போட்டாச்சா?"

போட்டாச்சு என்றேன்.

"நான் இல்லாமதான போட்ட. அது எப்படிச் சரியாகும்?"

எடைமேடையில் ஹார்லன் கேட்டான், உள்ளே எத்தனை பேர் என்று. நான் வாயைத் திறக்கும் முன்னே நோரீன் என் மேல் சாய்ந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"ரெண்டு பேர். ஒரு நாய்."

எடைச் சீட்டை அவளே வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மொத்தத்தை இந்த நோட்டில் எழுதக் கூடாதாம், பழைய எண்ணைக் கழித்து அவள் எடையைக் கண்டுபிடிக்கவும் கூடாதாம். நான் எழுதவில்லை. முன் அச்சில் கனம் ஏறியிருக்கிறது என்று மட்டும் ஹார்லன் சொன்னான். நாளைக்குக் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம்.