அதே குழியில் ஐந்தாவது கன்று

என் ரஹீமா அக்காவுக்கு,

உன் நாவல் கன்று உயிரோடு இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது.

நம் கல்லூரி சின்னது, அதில் பசுமைக் குழு இன்னும் சின்னது. விலங்கியல் பாடம் எடுக்கும் நான்தான் பொறுப்பாளர், பாதி நாள் உறுப்பினரும் நானே. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு சிறப்பு விருந்தினர் வருவார், முன்வாசலில் கன்று நடுவார், படம் எடுப்போம். அடுத்த மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அது காய்ந்துபோகும். ஜூனில் அதே குழியில் இன்னொன்று. மண் ஏற்கெனவே இளகியிருப்பதால் தோண்டுவது சுலபம். இதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை, நான் உட்பட.

போன வருஷம் நாலாவது கன்றை நட்ட அன்று, கேன்டீன் வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாய்: "இன்னாடி மேடம், இது குழியா, கபரஸ்தானா? வருஷத்துக்கு ஒண்ண பொதைச்சிகினே கீறீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேன்டீன் நடத்துகிறவளுக்கு என்ன வாய் என்று நினைத்தேன். ரெண்டு நாள் உன் டீயைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், அரிசி கழுவிய தண்ணீரை அலுமினியக் குண்டானில் ஏந்திக்கொண்டு நீ அந்தக் குழிக்குப் போகிறாய்.

"சும்மா சாக்கடைக்குத்தான போவுது. இது குடிச்சா இன்னா?" என்றாய்.

அன்றிலிருந்து தினமும் ஊற்றினாய். நான் என்ன செய்தேன்? அறிக்கையில் 'கழிவுநீர் மறுபயன்பாடு' என்று எழுதிக்கொண்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது அக்கா.

பிப்ரவரியில் நீ போனாய். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். பூந்தமல்லியில் உன் வீட்டுக்கு வந்தபோது உன் மகள் அந்தக் குண்டானை என் கையில் கொடுத்தாள். "அம்மா இத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல மேடம். ஊட்ல வச்சிருந்தா பாக்கப் பாக்க அழுவ வருது. நீங்க எடுத்துகினு போங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேனா? ஏப்ரல் வரை குழாயடியில் பிடித்து ஊற்றினேன். மே மாதம் விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் ஒரு இலை இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நம் வாட்ச்மேன் மாணிக்கம் அண்ணன்தான் ஓடி வந்தார். கட்டைவிரல் நகத்தால் தண்டை லேசாகக் கீறினார். "மேலதான் காஞ்சிகீது. உள்ள பச்சை கீது பாரு மேடம்."

கேன்டீன் மூடிக் கிடந்தது, கோடையில் குழாயடியும் வறண்டிருந்தது. தண்ணீருக்கு எங்கே போவது? ஆனால் சேர்க்கைக்காக அலுவலகம் திறந்திருந்தது. அதன் ஏசி நாள் முழுக்கச் சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வடிகுழாயை நீட்டி, அடியில் உன் குண்டானை வைத்தோம். சாயங்காலம் அண்ணன் எடுத்து ஊற்றிவிடுவார். மூன்றாவது வாரம் கணுவில் செம்பு நிறத்தில் ஒரு துளிர் வந்தது.

ஜூன் விழாவுக்கு முதல்வர் புதுக் கன்று வாங்கி வைத்துவிட்டார். "அந்தக் குச்சியை எடுத்துடுங்கம்மா. போட்டோவுல நல்லா இருக்காது" என்றார். முன்பெல்லாம் என்றால் சரி சார் என்றிருப்பேன்.

"இந்த வருஷம் புதுசா நடப் போறதில்ல சார். இருக்கறதுக்குத் தண்ணி மட்டும் ஊத்துவோம்."

"எத்தனை கன்று நட்டோம்னு ரிப்போர்ட்ல கேப்பாங்களே?"

"நான் எழுதிக்கறேன் சார்."

முதல்வர், வாங்கின கன்றை என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். அதைச் சிறப்பு விருந்தினரிடமே கொடுத்து அனுப்பினோம். அவர் வீட்டில் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டாம். குண்டானைப் பார்த்துவிட்டு அவர், பித்தளைக் குடம் எதுவும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றினார். நெளிந்துபோன உன் குண்டான் படத்தில் நன்றாகவே விழுந்திருக்கிறது.

இன்றுதான் அறிக்கை எழுதினேன். 'இந்த ஆண்டு நட்டவை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அவர்கள் கேட்கவே இல்லை அக்கா, அதற்குக் கட்டமே கிடையாது. நானே ஸ்கேல் வைத்து ஒன்று போட்டேன். 'ஒன்று. ரஹீமா வளர்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இனி, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று காட்டாமல் இங்கே ஒரு குழியும் தோண்ட விடமாட்டேன். அடுத்த மே மாதம் நான் எங்கே போனாலும், உன் குண்டானை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன். இது சத்தியம்.

உன் டீயை ரெண்டு நாள் குடிக்காமல் வீணாக்கிய தங்கச்சி,
கோமதி