கவி சொல்லாத சொல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து ஆபீஸ் வேலை. சென்னைக்காரர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவள் என்றால் சாப்பாட்டு நேரம் கிடையாது என்ற நினைப்பு. ரசம் சாதத்தோடு உட்கார்ந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன்.

"'சொல்லு' ஆப் செஞ்ச அக்காவா?"

ஒன்றரை வருஷமாக அந்தப் பெயரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஜெகதாப்பட்டினமாம். வனிதா. மகள் ஜெனிக்கு எட்டு வயது, பேச வராது. திரையில் படத்தைத் தொட்டால் டேப்லெட் அவளுக்காகப் பேசும். ரெண்டு வருஷமாக அப்படித்தான் பேசியிருக்கிறாள். பழைய டேப் கெட்டுப்போய், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு போனதும் அவள் அப்பா அருள்தாஸ் புதுசு வாங்கியிருக்கிறார். அதில் 'சொல்லு' ஏறவில்லை.

"இந்தக் கருவிக்கு ஒத்துவராதுன்னு வருதுக்கா. புள்ள டேப்ப என் கையில குடுத்துக் குடுத்துப் பாக்குது. நாந்தான் ஒளிச்சு வச்சுருக்கேன்னு நெனைக்கிது."

பார்க்கிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 9

ஏன் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. எங்கள் மகன் கவியின் டேப் பழைய 32 பிட் வகை. ஆண்ட்ராய்டில் அதற்கு மட்டும்தான் ஆப்பைக் கட்டினோம். இப்போது வரும் சில டேப்கள் 64 பிட்டைத் தவிர எதையும் ஏற்பதில்லை.

'சொல்லு'வை ஊருக்காகச் செய்யவில்லை. எங்கள் கவியரசனுக்காகச் செய்தோம். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே நாக்கு வசப்படவில்லை. கண்ணும் வலது கையின் ஒரு விரலும் வசப்பட்டன. அது போதும் என்றார் என் வீட்டுக்காரர் வசந்தகுமார். பிறகு மற்ற பெற்றோர்கள் கேட்டார்கள். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டி, இலவசமாக ஒரு இணையப் பக்கத்தில் போட்டோம். மூல நிரல் அங்கேதான் கிடக்கிறது, யாரும் எடுக்கலாம். ஆனால் வனிதாவிடம் அதை நீட்டுவது, பசித்தவளிடம் அரிசியைக் கொடுப்பது மாதிரி. அவளுக்குத் தொட்டதும் ஏறுகிற ஒன்று வேண்டும்.

பெரிய வேலை இல்லை. ஆனால் போன வருஷம் பிப்ரவரியில் சளி நெஞ்சில் இறங்கி கவி போனான். அதன் பிறகு அந்த ஃபோல்டரை நாங்கள் திறக்கவில்லை. பக்கத்தை மூடிவிடலாம் என்று அவர் ஒருதடவை சொன்னார். அப்புறம் பார்ப்போம் என்றேன். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

ஜூலை 12, சனி

விண்டோஸ் சரி. லினக்ஸ் சரி. ஆண்ட்ராய்டு திரும்பத் திரும்ப உடைந்தது. ஒலியை இயக்கும் நிரல் தொகுப்பு பழசு. புதியதை மாற்றிப் போட்டதும் கட்டி முடித்தது. அதோடு விட முடியுமா? ஒவ்வொரு படத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆப்பில் பேசும் குரல் என் வீட்டுக்காரருடையது. ஒரு மழை வாரம் முழுக்க உட்கார்ந்து எல்லாச் சொற்களையும் பேசிப் பதிந்தார். பிறகு சுருதியை ஏற்றிப் பையன் குரலாக்கினார். கவி முதன்முதலில் 'அம்மா'வைத் தொட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்றிலிருந்து அது வசந்தின் குரல் இல்லை. எங்கள் ரெண்டு பேருக்குமே இல்லை.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். 'தண்ணி'யைத் தொட்டேன். 'வெளிய போலாம்' தொட்டேன். 'வலிக்குது' தொட்டேன்.

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஜூலை 13

இன்று திறக்கவில்லை.

ஜூலை 15

மற்றதை எல்லாம் கேட்டு முடித்தேன். இனி கையொப்பச் சாவி வேண்டும்.

வெளியிடும் ஒவ்வொரு பதிப்பிலும் பழைய மின்னணுக் கையொப்பமே இருக்க வேண்டும். புதுக் கையொப்பம் போட்டால் எல்லாரும் பழையதை நீக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அவரவர் வீட்டில் பிள்ளைகளுக்காகச் சேர்த்த போட்டோக்கள், பெயர்கள், எல்லாம் அழிந்துபோகும். அந்தச் சாவியின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவர் தன் புதுக்கோட்டைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிடும்போது கேட்டேன். வனிதாவைப் பற்றியும் சொன்னேன்.

"மூடிரலாம்னு சொன்னேன்ல."

"அந்தப் புள்ளைக்கு அதாங்க வாய்."

"எம்புள்ளைக்கும் அதுதான் வாயி." தட்டைத் தள்ளினார். "எங்கிட்டோ ஒரு வீட்ல அவங் கொரல்ல வேற புள்ள தண்ணி கேக்குது. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல தேவி. பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

மறக்கவில்லை. எதையும் மறக்கிற மனுசன் இல்லை அவர்.

எனக்கு மட்டும் சோறு எறங்குதா? நாந்தானே அத்தன சொல்லையும் ஒத்தையா உக்காந்து கேட்டேன். அத யாருகிட்டச் சொல்ல?

ஜூலை 20, ஞாயிறு

காலையில் வனிதா அழைத்தாள். மாவரைத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு. அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கேட்க வேண்டும் என்று போடவில்லை. அவர் வாசலில் பேப்பரோடு இருந்தார்.

முந்தாநாள் ஜெனி பகல் முழுக்க அழுதிருக்கிறாள். பசியா, வயிற்றுவலியா, யாருக்கும் புரியவில்லை. வனிதா கோபத்தில் ஒரு அடியும் போட்டிருக்கிறாள். சாயங்காலம் காதிலிருந்து சீழ் வடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"'காது' இருக்கு, 'வலிக்குது' இருக்கு. ரெண்டு தொட்டா முடிஞ்சிருக்கும்க்கா. நான் அடிச்சுப்புட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

கையைக் கழுவிக்கொண்டு திரும்பினால் அவர் என் லேப்டாப் முன்னால் நிற்கிறார். உட்காரவில்லை. நின்றபடியே பாஸ்வேர்டை அடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கடைக்குப் போறேன்," என்று பைக்கை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

கட்டி, கையொப்பமிட்டு, பக்கத்தில் ஏற்றினேன். என்ன மாற்றம் என்று எழுதும் இடத்தில் ஒரே வரி: '64 பிட் ஆண்ட்ராய்டு சேர்க்கப்பட்டுள்ளது.'

ஜூலை 22

வேலை செய்கிறதாம். "போட்டவொடன 'அம்மா, அம்மா'ன்னு தொட்டுக்கிட்டே இருந்தாக்கா," என்று வனிதா சிரித்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து: அம்மா. பசிக்குது.

என்னைக் கூப்பிடவில்லை. தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

சிக்னல் இல்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அருள்தாஸ் போன படகைப் பிடித்துவிட்டார்கள். எல்லை தாண்டினார்களாம். அக்கரையில் காவலில் வைத்திருக்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. துறைமுகத்தில் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், வனிதாவும் ஜெனியோடு அங்கேதான். அங்கிருந்தே போன் செய்தாள்.

"'அப்பா'வ மட்டும் தொட்டுத் தொட்டு என் மூஞ்சியப் பாக்குறா. 'எங்க'ன்னு கேக்க அதுல இல்லக்கா. 'எப்ப வருவாரு' இல்ல. கடலு, அவரு போன போட்டு, ஒண்ணும் இல்ல."

இல்லைதான். கவிக்கு எது வேண்டுமோ அதைத்தான் வைத்தோம். அவன் அப்பா விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவார். எப்ப வருவார் என்று கேட்க வேண்டிய தேவை அவனுக்கு வரவே இல்லை.

அந்தச் சொற்களை என் குரலில் பதிந்து சுருதி ஏற்றிப் பார்த்தேன். அது வேறு யாரோ. ஒரு பிள்ளை பாதி வாக்கியத்தில் ஆள் மாறிப் பேசுமா? அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9

வனிதா கேட்ட சொற்களை அவரிடம் சொன்னேன். கேட்டாரா என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பஸ் ஹாரன் கேட்காமலிருக்க ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். மைக்கை அவரே தேடி எடுத்திருந்தார்.

"என்னென்ன வேணுமாம்?"

"கடல். போட்டு. அப்பா எங்க. அப்பா எப்ப வருவாரு."

'கடல்' ஒரே தடவையில் வந்தது. 'போட்டு'ம் வந்தது. 'அப்பா எங்க'வில் பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். கடைசியை எத்தனை தடவை பேசினார் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் 'வருவாரு'வில் குரல் உடைந்தது. உடையாமல் ஒன்று வந்ததும் சுருதியை ஏற்றினார். ஸ்பீக்கரில் போட்டார்.

அப்பா எப்ப வருவாரு?

கவிதான். அப்படியே கவி. இந்த வீட்டில் அவன் எத்தனையோ சொல்லியிருக்கிறான், இதை மட்டும் சொன்னதில்லை. இனிமேல் அவனிடமிருந்து புதுசாக ஒரு சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதுகில் கை வைத்தேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் இப்படி அழுததில்லை. என்னையும் அழவிட்டதில்லை. ரெண்டு பேரும் அழுதோம், ஜன்னலைக்கூடத் திறக்காமல்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாத்துக்கும் கட்டிரு தேவி. விண்டோஸ், லினக்ஸ், எதையும் விட்றாத. எந்த வீட்ல எது இருக்கோ."

ஆகஸ்ட் 13

அருள்தாஸ் பற்றி இன்னும் தகவல் இல்லை.

வனிதா செய்தி அனுப்பியிருந்தாள்: 'விடிஞ்சதுலேருந்து அப்பா எப்ப வருவாருன்னு கேட்டுக்கிட்டே இருக்காக்கா. எனக்குப் பதில் தெரியல. டேப்ப அவகிட்டேருந்து வாங்கி வச்சுறவான்னு இருக்கு.'

போனை அவரிடம் நீட்டினேன். ரெண்டு தடவை படித்தார்.

"வாங்க வேணாம்னு சொல்லு," என்றார். "கேக்கட்டும்."