உனக்காக வெட்டாத டின்

இன்றைக்கு ஒருத்தியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் உன்மேல்தான். நீ போய்ப் பதினான்கு வருடமாகிறது. உன்னைத் திட்டுவது மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதாமாதம் கொஞ்சம் காசு சேர்க்கிறோம். கணக்கு எழுதும் கொப்பி என்னிடம் இருக்கிறது. இன்று மேல்லயத்து மருமகள் ஒருத்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குப்பென்று தைல வாசம். நெற்றியில் தடவிய வாசம் வேறு, சேலைக்குள்ளிருந்து வரும் வாசம் வேறு. எனக்குத் தெரியாதா அது? "என்னாடி, வயித்துல தடவியிருக்கியா?" என்றேன். "ஆமாங்க அக்கா, ரெண்டு மாசமா வலிக்குது. பரவாயில்லங்க, எனக்குத்தானே" என்றாள். புள்ளைக்கு வந்திருந்தால் ஓடியிருப்பாளாம். இவளுக்குத்தானாம்! அந்தச் சொல்லில் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நாளைக்கு வேலைக்குப் போனால் காலை உடைப்பேன், முதல் பஸ்ஸில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போ என்று காசை அவள் மடியில் போட்டேன். பாவம், அழுதுகொண்டே போனாள்.

உன்மேலும் இதே வாசம்தான் அடித்தது. கடைசி நாலைந்து மாதம் கொழுந்து மலையில் உன் நிரையும் என் நிரையும் பக்கத்தில் பக்கத்தில். காற்று உன் பக்கமிருந்து அடித்தால் தைலம்தான் வரும். நானும் முகர்ந்துகொண்டே கொழுந்தெடுத்தேன்.

லயத்தில் நம் இரண்டு வீட்டுக் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். கடனும் ஒரே கடையில்தான். உனக்கு மூத்தவளின் சடங்குச் செலவு, எனக்கு மாமியாரின் கருமாதிச் செலவு. சம்பள நாளில் ஆபீஸ் படிக்குக் கீழே கடை முதலாளி கடன் கொப்பியோடு நிற்பார். நாம் வாங்கிய காசு மடிக்கு வருமுன்னே பாதி அவருக்குப் போய்விடும். அந்த நிலைமையில்தான் நீ ஒருநாள் காலியான பால்மா டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மூடியில் காசு போகிற அளவுக்கு ஒரு கீறல். சுற்றிலும் ஈயம் வைத்து அடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் கொழுந்துக்கு அன்றைக்கே கிடைக்கும் கைக்காசில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் இதில் போட வேண்டும் என்றாய்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "கழுத்து மட்டும் கடன் கெடக்கு. இவ டின்னுல காசு போடுறாளாம். ஒனக்கென்ன பைத்தியமா? அந்த அம்பதையும் கடைக்குக் குடுத்தா கடனாச்சும் கொறையுமே" என்றேன்.

"கொறையும். அடுத்த காச்சலுக்கு மறுபடியும் அவருக்கிட்டயே போயி நிப்ப. ஒரு கையால அடைக்கணும், ஒரு கையால ஒளிச்சு வைக்கணும் புள்ள. இல்லாட்டி சாகுற வரைக்கும் அந்தக் கொப்பியில நம்ம பேரு இருக்கும்" என்றாய்.

சட்டமும் நீதான் போட்டாய். சீலை துணிக்கு இல்லை. திருவிழாவுக்கு இல்லை. ஆம்பளைகள் கேட்டால் செத்தாலும் இல்லை. ஆபத்துக்கு மட்டும். உன் சாமித்தட்டுக்குப் பின்னால் டின் போய் உட்கார்ந்தது. எதற்கெல்லாம் எடுக்கக் கூடாது என்று விரல்விட்டு எண்ணினோமே தவிர, ஆபத்து என்றால் யாருக்கு வருவது என்று இரண்டு பேருமே பேசவில்லை. அங்கேதான் நாம் கெட்டுப்போனோம்.

என் மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் வாயிலடித்துக்கொண்டு முதலாளியிடம் ஓடப் பார்த்தேன். நீ சேலையைப் பிடித்து இழுத்தாய். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து ஒரே வெட்டு. டின் வாயைப் பிளந்தது. வேன் பிடித்தோம், பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், மாவுக்கட்டோடு பொழுது சாய்வதற்குள் திரும்பினோம். யாருக்கும் ஒரு ரூபாய் கடன் ஏறவில்லை. "இப்ப சொல்லு, யாருக்குப் பைத்தியம்?" என்று ஒரு வாரம் என்னைக் கிண்டல் பண்ணினாய். அடுத்த ஞாயிறே புது டின் வந்தது. அன்றிலிருந்து நாலு வருடமும் உனக்கு முந்தி நான் காசு போட்டேன்.

அப்படிப்பட்ட நீ உன் உடம்புக்கு வந்தபோது என்ன செய்தாய்?

நிற்காமல் உதிரம் போய்க்கொண்டிருந்தது உனக்கு. மாதம் முழுக்கப் பின்வாசல் கொடியில் துணி காய்ந்தது. தோட்டத்து மருந்துக்காரர் இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பினார். மாத்தளைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் உன்னிடம் ஒரே பதில். "பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு வருத்தமா? ஒரு நாள் நின்னா ஒரு பேரு போயிரும், அன்னைக்குச் சம்பளம் இல்ல. இன்னும் ரெண்டு சம்பளம்தான் புள்ள, கடன் முடிஞ்சிரும். அப்புறமா போறேன்."

"டின்னை வெட்டுவோமா?" என்றும் ஒருநாள் கேட்டேன்.

"சும்மா இரு. அது ஆபத்துக்கு வச்சது" என்றாய்.

அதைக் கேட்டு நான் சும்மா இருந்தேன். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் காசில் பாதி என்னுடையது. எனக்கும் கத்தி பிடிக்கத் தெரியும். உன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். செய்யவில்லையே. ஏனென்றால் எனக்குள்ளும் அதே புத்திதான் இருந்தது. பொம்பளை வயிற்றுவலி ஆபத்துக் கணக்கில் சேராது என்று என் அம்மா எனக்குச் சொன்னாள், உன் அம்மா உனக்குச் சொன்னாள். அவர்களுக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் வாயில் மண் விழ.

நாலாம் நம்பர் மலையில் நீ சுருண்டு விழுந்தபோது கூடையில் பாதிக் கொழுந்து இருந்தது. உன்னைக் கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நான் லயத்துக்கு ஓடி டின்னை வெட்டினேன். ஊரடங்கு போடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, வேன்காரன் மூன்று மடங்கு கேட்டான். கொடுத்தேன். வழியில் ஆமிக்காரர்கள் மறித்து எல்லாருடைய அடையாள அட்டையும் கேட்டார்கள். உன்னுடையது காம்பராவில் கிடந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் கெஞ்சினேன். அவர்கள் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னே கூட்டி வந்திருந்தால் என்று தொடங்கினார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

மீதிக் காசை எண்ணிப் பார்த்தேன். உன்னைப் பத்து தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரலாம். அந்தக் காசில்தான் பெட்டி வாங்கினோம், பந்தல் போட்டோம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சீனி வாங்கியதும் அதே முதலாளியின் கடையில்தான். எட்டாம் நாள் காரியம் முடிந்த கையோடு, உன் பாக்கிக் கடனையும் உன் வீட்டுக்காரர் அதிலிருந்தே அடைத்துவிட்டார். என் பங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். முதலாளி கொப்பியில் உன் பேருக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, "நல்ல மனுசி, ஒரு மாசம் தவறவிட்டதில்ல" என்றார். லயத்திலும் அதே பேச்சு. "புண்ணியவதி, யாருக்கும் கடன் வைக்காம போயிட்டா." அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு நீ வைத்த கடனை யார் எந்தக் கொப்பியில் எழுதினார்கள்?

நீ சொன்னதைத்தான் இன்றைக்கும் இந்தப் பன்னிரண்டு பேருக்கும் சொல்கிறேன். ஒரு கையால் அடை, ஒரு கையால் ஒளித்து வை. அதில் ஒரு குறையும் இல்லை. உன் சட்டத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். காசு போடுகிறவளின் உடம்புக்கு வந்தால் அதுதான் முதல் ஆபத்து. யார் இளித்தாலும் எனக்குக் கவலையில்லை.

போன தையில் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கடையில் பாக்கி இருந்தது, சம்பளத்துக்குப் பத்து நாள் இருந்தது, கையில் கொழுந்து வேலையும் இருந்தது. எனக்கும் வாயில் வந்தது அந்தப் பாழாய்ப்போன சொல், அப்புறமா போறேன் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் காசை எடுத்தேன், எல்கடுவ சந்தியில் பஸ் ஏறினேன். டாக்டர் கைவைத்துப் பார்த்தார், ஊசி குத்திக் கட்டியிலிருந்து நீரை எடுத்துப் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகும் கையில் காசு மிஞ்சியது. வெளியே ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு வடையும் தேத்தண்ணியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு அழுகை வெடித்தது. காலையில் சந்தியில் ஏறியவள் வெற்றிலை ஒருவாய் மென்று முடிப்பதற்குள் மாத்தளை வந்துவிட்டதே. இவ்வளவு கிட்டத்தில்தானேடி இருந்தது ஆஸ்பத்திரி?