மெலிசு கிட்டார்

வில்பட்டி

அன்பு மச்சானுக்கு,

போன்ல சொன்னா அழுதுருவேன், அதான் எழுதுறேன்.

கோயில் பாட்டுக்குழுவுல இப்ப ஆக்ஸிலியா அக்காவோட மெலிசு கிட்டாரத்தான் வாசிக்கிறேன். உங்க கிட்டாருக்குப் பெட்டி ஆழம். மடியில வச்சா கம்பிக்குக் கை எட்டல, தோள்பட்டை வலிக்குது. ஈஸ்டருக்கு நீங்க வந்திருந்தப்ப எட்டுச்சேன்னு கேக்காதீங்க. இப்ப நடுவுல எடம் வேணும்ல.

மெலிசு வசதிதான், ஆனா சத்தம் தகர டப்பா.

போன தடவ வெரசா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தருக்கா 'தங்கல'ன்னு சொல்லித் திரிஞ்சோம். அதான் இந்தத் தடவ வயிறு தெரியுற வரைக்கும் யாருகிட்டயும், உங்ககிட்டகூட, மூச்சு விடல.

நேத்து ஆசைக்கு உங்க கிட்டார வயித்தோட அணைச்சு, தடிச்ச கம்பியத் தட்டுனேன். கும்முன்னு அதிர்ந்துச்சு. உள்ளேருந்து ஒரு உதை! மெலிசுக்கு ஒருநாளும் அசையல. அப்பா கிட்டாருன்னு தெரியுது போல.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேளுங்க.

இப்படிக்கு,
நாங்க ரெண்டு பேரும்