மாற்று வேட்பாளர்

பிப்ரவரி 3

சட்டமன்றத்தின் கடைசிக் கூட்டத்தொடர் இன்றோடு முடிந்தது. குடிநீர் வாரியத் திருத்த மசோதாவின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரியே விடுபட்டிருந்தது. எழுந்து நின்று சொன்னேன். அமைச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி தெரிவித்தார். செயலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. தம்பி சொல்லித்தான் தெரியும்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஸ்டெப்னி. அவனே தனக்கு வைத்துக்கொண்டது. மூன்று தேர்தலிலும் என்னோடு அவனும் மாற்று வேட்பாளராக மனுத் தாக்கல் செய்தான். என் மனு தள்ளுபடியானால் கட்சியின் சின்னம் அவனுக்குப் போகும். என் மனு ஏற்கப்பட்டால் அவன் வாபஸ் வாங்கிக்கொள்வான். "பதினஞ்சு வருஷமா டிக்கியிலயே கெடக்கறேன், ஒரு தடவகூட வண்டி பஞ்சர் ஆகலையேக்கா" என்பான். விழுந்து விழுந்து சிரிப்போம்.

பிப்ரவரி 21

வேட்பாளர் பட்டியல் வந்துவிட்டது. நான்காவது முறையும் நானே.

காலையிலிருந்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. தம்பிதான் எல்லோரையும் உட்காரவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காபி கொடுத்து அனுப்பினான். தொகுதியில் எந்தத் தெருவில் யார் வீட்டில் யாருக்கு மூட்டுவலி என்பதுவரை அவனுக்கு மனப்பாடம். கூட்டம் கலைந்த பிறகு, "இந்தத் தடவயும் நான்தான் ஸ்டெப்னியா?" என்று கேட்டான். "பின்ன? உன்ன விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்றேன். சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்த மாதிரி இருந்தது. களைப்பாக இருக்கும்.

மார்ச் 9

வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போலத் தம்பி எல்லாவற்றையும் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட வேண்டிய பக்கங்களில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். சீட்டு இருந்த இடமெல்லாம் கிறுக்கித் தள்ளினேன்.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது, நிலுவையிலுள்ள வழக்குகள். பேருந்து நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள் என்று நாலு வருடத்துக்கு முன் சாலையில் உட்கார்ந்தோமே, அந்த வழக்குதான். நானும் அவனும் ஒரே போலீஸ் வண்டியில் போனோம். "வக்கீல் இன்னும் நம்பர் சொல்லலக்கா. வந்ததும் நானே எழுதிடறேன், நீ போட்டுடு" என்றான். போட்டுவிட்டேன்.

பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஊர்ல உள்ள மசோதாவெல்லாம் கமா விடாம படிக்கிற, உன் மனுவப் படிக்க மாட்டியா?" என்று கேட்டார். ஓய்வு பெற்றும் வாத்தியார் புத்தி போகவில்லை. படிக்காமல் நான் கையெழுத்துப் போடுவது தம்பி ஒருவன் நீட்டும் காகிதத்தில்தான் என்று பெருமையாகவே சொன்னேன்.

மார்ச் 10

இருவரும் மனுத் தாக்கல் செய்தோம். நல்ல கூட்டம். தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 12

என் மனு தள்ளுபடி.

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

காலை பதினொரு மணிக்குப் பரிசீலனை. நீள மேசை, அதன் பின்னால் தேர்தல் அதிகாரி, எதிரே நாங்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் அவர்களுடைய வக்கீல்களும். என் மனுவை எடுத்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "மேடம், வழக்கு விவரம் காலியா இருக்கே."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"காலியா இருக்குன்னு நேத்து மதியமே நோட்டீஸ் குடுத்தோம். இன்னிக்கு பரிசீலனைக்குள்ள சரி பண்ணிக் குடுத்திருக்கணும். உங்க தம்பிதான் வாங்கிட்டுப் போனார்" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். கீழே அவன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து மேலே வளைப்பான். பள்ளிக்கூட வயதில் என் நோட்டில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகிய கையெழுத்து.

"அக்கா... மறந்துட்டேன்க்கா" என்றான். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. நிஜமாக. இத்தனை அலைச்சலில் மறக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

அடுத்து அதிகாரி அவன் மனுவை எடுத்தார். சத்தமாகப் படித்தார். வழக்கு எண் 214, சாலை மறியல். எல்லாம் சரி. ஏற்கப்பட்டது.

214. அதே வழக்கு. அதே நாள் தாக்கல் செய்த மனு. அவனுடையதில் மட்டும் எண் இருக்கிறது.

மேசையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியிருக்கலாம். இவன் வேண்டுமென்றே செய்தான் என்று அந்த அறையிலேயே போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் எதிர்க்கட்சிக்காரன் பிரச்சாரமே செய்ய வேண்டாம், வீட்டிலிருந்தே ஜெயிப்பான். அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா? இல்லை. இத்தனை பேர் முன்னால் என் தம்பியைத் திருடன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவுதான்.

"என் தப்புதான் சார். நான் படிச்சுப் பாத்திருக்கணும்" என்றேன்.

மார்ச் 13

சாப்பிடவில்லை. யாரையும் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியாம்.

மார்ச் 15

கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்தார். "நடந்தது நடந்துபோச்சும்மா. தம்பி நிக்கறதும் நீங்க நிக்கறதும் ஒண்ணுதானே? நீங்க வண்டியில ஏறலேன்னா தொகுதி கைய விட்டுப் போயிடும்" என்றார். ஒன்றுதானாம்!

அவர் போனதும் வீட்டுக்காரர், "போக வேணாம். காய்ச்சல்னு சொல்லிடு. நான் டாக்டர் சீட்டுக்கூட வாங்கித் தரேன்" என்றார். பொய் சொன்ன பையனை வெயிலில் நிறுத்திய மனுஷன் எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருக்கிறார். அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று நாளாக வராத அழுகை.

ஏப்ரல் 2

பிரச்சார வண்டியில் அவனும் நானும் தோளோடு தோள் நிற்கிறோம். பழைய பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடைக்காரம்மா வண்டியை மறித்து, "நீங்க ஏம்மா நிக்கல? எங்கள வேணாம்னுட்டீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாலையில் எங்களோடு உட்கார்ந்தவர் அவர். ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது? "எனக்குப் போடற ஓட்ட என் தம்பிக்குப் போடுங்க" என்றேன். அவன் கும்பிட்டான். என் பக்கம் திரும்பவேயில்லை.

மே 4

ஜெயித்துவிட்டான். போன தடவை நான் வாங்கியதைவிட நாலாயிரம் ஓட்டு அதிகம்.

மே 11

வெற்றிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தம்பி வந்தான். சாப்பாட்டு மேசையில் வைத்தான். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"என்னத்தச் சொல்லணும்?"

"நான் மறக்கலன்னு."

அவன் வாயாலேயே வந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டேன்.

"பதினஞ்சு வருஷம்க்கா. உனக்கு ஓட்டுப் போட்டவங்க பேரெல்லாம் எனக்குத்தான் தெரியும். நீ அங்க மசோதா படிச்சே, நான் இங்க அவங்க ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் போனேன். ஒரு தடவ... ஒரே ஒரு தடவ, 'இந்த வாட்டி நீ நில்லுடா'ன்னு சொல்லியிருக்கியா?"

"வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா!"

"குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்."

என்னையே பார்த்தான். சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

இந்த நோட்டிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கொடுத்திருக்க மாட்டேன். நாலு முடிந்தால் ஐந்து என்றுதான் இருந்தேன். அவனுக்கு ஆசை இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. வீட்டில் கிடக்கிற நாற்காலிக்கும் ஓர் ஆசை இருக்கும் என்று யாராவது யோசிப்பார்களா, அந்த மாதிரி. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும், கேட்டுவிட்டு நான் மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாமே! கட்சியை விட்டுப் போய் என்னை எதிர்த்தே நின்றிருக்கலாம். தோற்றிருந்தால் எனக்குப் பதவி மட்டும்தான் போயிருக்கும். பாவி, நான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஒரே இடத்தைப் பார்த்து அடித்தானே.

ஜூன் 2

தொகுதி அலுவலகத்தின் சாவியை ஒப்படைத்தேன். வாசலில் என் பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாக இருந்தது.

தம்பி உள்ளே நுழைந்தபோது, "வாங்க" என்று என் வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. அவன் சட்டென்று நின்றுவிட்டான். "என்னக்கா, வாங்க போங்கன்னு..." என்றான்.

"உறுப்பினர் ஆயிட்டீங்க இல்ல" என்றேன்.

மார்ச் 17

இந்த நோட்டைத் திறந்து ஐந்து வருடம் ஆகிறது. மிச்சப் பக்கங்கள் பழுத்துப்போயிருக்கின்றன.

இன்று காலை அவர் வந்தார். மறுபடியும் நிற்கிறார். மாற்று வேட்பாளராக யாரைப் போடுவது என்று கட்சி கேட்டதாம். "உன் பேரச் சொல்லிட்டேன்க்கா" என்றார். அவருடைய மனுவும் என்னுடைய மனுவும் கையில் இருந்தன. இரண்டிலும் மஞ்சள் சீட்டுகள். தலை நிறைய நரைத்திருக்கிறது. வீட்டுக்காரர் செய்தித்தாளைச் சத்தமாக மடித்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"சீட்டையெல்லாம் எடுத்துடுங்க. நான் முழுசாப் படிக்கணும்" என்றேன். ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். முதலில் என்னுடையதைப் படித்தேன், பிறகு அவருடையதை. ஒரு மணி நேரம் ஆனது. கொடுத்த காபியை அவர் தொடவில்லை.

இரண்டு மனுவிலும் ஒரே கட்டம் காலி. நிலுவையிலுள்ள வழக்குகள். அந்தச் சாலை மறியல் வழக்கு இன்னும் முடியவில்லை.

"பசங்க பூர்த்தி பண்ணது. எனக்கு நம்பர் ஞாபகம் இல்லக்கா" என்றார்.

அவருடையதை மட்டும் காலியாகவே விட்டுக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷம் அந்த நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். நோட்டீஸ் வந்தால் யார் வாங்குவார்கள், யார் பார்ப்பார்கள், அடுத்து யார் நிற்பார்கள், எல்லாம் ஒரே நொடியில் ஓடிவிட்டது. பிறகு பேனாவைத் திறந்து இரண்டிலும் 214 என்று எழுதினேன். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தாங்க. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

வாங்கிப் பார்த்தார். தன் மனுவில் அந்த மூன்று இலக்கங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. "அக்கா, ஒரே ஒரு தடவ என்ன 'டா' போட்டுக் கூப்பிடேன்" என்றார்.

கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயைக்கூடத் திறந்தேன்.

"காபி ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரேன், இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.