சார்ஜென்ட் டாபின்ஸுக்கு அழுதவர்கள்

அக்டோபர் 3

காபிக் கடையில் ஒரு போலீஸ்காரர் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். இளம் வயது, வெள்ளைக்காரர். “உங்களப் பாத்துத்தான் சார்ஜென்ட் நான் இந்த வேலைக்கே வந்தேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருடமாகத் தொலைக்காட்சியில் சார்ஜென்ட் டாபின்ஸாக நடித்ததில் வெர்னன் டாக்கெட் என்ற என் பெயர் ஊருக்கே மறந்துவிட்டது.

என் மனைவி கொரினிடம் சொன்னேன். “கறுப்பனா இருந்தும் உன்ன யாரும் காரை விட்டு எறக்கி நிக்க வைக்கிறதில்ல. என் தம்பியக் கேட்டுப் பாரு” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அக்டோபர் 9

ஓடெல் போய்விட்டான். நம் தெருவில். என் கண் முன்னால். எழுத வரவில்லை.

அக்டோபர் 10

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஓடெல் பிரைஸ், எதிர் வீடு. பேருந்து ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். பின்னாலேயே போலீஸ் கார், உள்ளே இரண்டு பேர். பின் விளக்கு ஒன்று எரியவில்லையாம். நான் புல்வெளியில் இலை வாரிக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் இருந்தன. விரல்களை விரித்து வைத்திருந்தான், தெரியட்டும் என்று. “லைசென்ஸ் பையில இருக்கு சார். நீங்க சொன்னாத்தான் எடுப்பேன்.” எனக்கே கேட்டது. கை அசையவே இல்லை. ஒருத்தன் சுட்டுட்டான்.

இரண்டாவது போலீஸ்காரன் என்னைப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே — “சார்ஜென்ட், பாத்தீங்கல்ல? கை இடுப்புக்குப் போச்சுல்ல?”

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினேனா? இல்லை. ஆட்டவில்லை.

அக்டோபர் 12

பில் கீஹோ போனில் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, கதவருகே எப்படி நிற்பது என்று படப்பிடிப்பில் எனக்குச் சொல்லித் தந்தவர். எங்கள் திருமண நாளன்று ஏரியில் பிடித்த மீனை அவரே சுட்டுப் பரிமாறினார்.

“வெர்ன், போலீஸ் சங்கத்துல ஒரு சின்ன விளம்பரம் எடுக்கறாங்க. ஊரு கொதிச்சுக் கெடக்கு. நீ அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு அரை நிமிஷம் பேசினா அடங்கிடும்.”

“பில், நான் அங்க இருந்தேன்.”

“தெரியும்பா. அதனாலதான் உன்னையக் கேக்கறாங்க.”

அக்டோபர் 13

டிவியில் விவாதம். போலீஸ் தொடர்கள் எல்லாம் போலீஸுக்கு வெள்ளையடிக்கும் வேலை என்று ஒரு பேராசிரியை. ராப் பாட்டுகள்தான் போலீஸ் மேல் வெறுப்பை வளர்க்கின்றன என்று எதிரில் ஒருவர். இருவருக்கும் பின்னால் திரை முழுக்க நான், சீருடையில். ஓடெலின் படத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. கொரின் எழுந்து அணைத்துவிட்டாள்.

அக்டோபர் 15

பொரித்த கோழி எடுத்துக்கொண்டு ஓடெல் வீட்டுக்குப் போனோம். கூடம் நிறைய ஆள். அவன் மைத்துனன் என்னைப் பார்த்ததும், “ஆபீசர் வந்துட்டாரு. எல்லாரும் கையத் தூக்குங்கப்பா” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓடெலின் மனைவி டெல்ஃபின் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

“அண்ணா, அவரு கை எங்க இருந்துச்சு?”

“ஸ்டீயரிங் மேலம்மா.”

“இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல.”

குழாயைத் திறந்துவிட்டாள். “சொல்லுவீங்களா?”

அக்டோபர் 17

சொல்லிவிட்டேன். நகர மன்றக் கூட்டத்தில், ஒலிபெருக்கியில், எல்லோர் முன்னாலும். கை எங்கே இருந்தது என்று மட்டும்.

அக்டோபர் 23

தெரு முனையில் போலீஸ் கார் ஒன்று நிற்கிறது. நான் கிளம்பினால் பின்னால் வருகிறது. நான் நின்றால் நிற்கிறது.

“எதாவது கேட்டாங்களா?” — கொரின்.

“எதுவுமே கேக்க மாட்டேங்கறாங்க.”

கீஹோ போனை எடுப்பதில்லை.

நவம்பர் 6

தயாரிப்பாளர் மார்ட்டி மதிய உணவுக்கு அழைத்தார். எங்கள் படப்பிடிப்புக்கு இனிமேல் போலீஸ் தெருவை அடைத்துத் தராதாம். வண்டிகளும் தராதாம். எனக்குப் புரிந்துவிட்டது.

“டாபின்ஸுக்கு வீர மரணம், வெர்ன். அழகான எபிசோடு. நாடே அழும்.”

“யாரு சுடறாங்க?”

“ஒரு பாட்டுக்காரன். ராப் பாடறவன்.”

“கறுப்பன்தானே?”

மார்ட்டி உணவுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 4

இன்று என்னைச் சவப்பெட்டியில் படுக்க வைத்தார்கள்.

மரியாதை அணிவகுப்புக்குத் துணை நடிகர்கள் வேண்டாம், நாங்களே வருகிறோம் என்று அசல் போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். சம்பளம்கூட வாங்கவில்லை. என்னைப் பின்தொடரும் காரில் பார்த்த முகமும் வரிசையில் இருந்தது. மூச்சு தெரியக்கூடாது என்றார் இயக்குநர். கண்ணை மூடிக்கொண்டேன். சுற்றிலும் விசும்பல். நடிப்பில்லை. எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஒரு கை பெட்டி மேல் விழுந்தது. “போயிட்டு வாப்பா” — கீஹோவின் குரல், உடைந்துபோய். வசனத்தில் அது கிடையாது.

‘கட்’ சொன்னதும் எழுந்து உட்கார்ந்தேன். கன்னத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். முகம் இறுகியது. திரும்பிப் போய்விட்டார்.

வெளியே என் காரின் முன்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அதில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: ஒத்திகை.

கொரினிடம் இதைச் சொல்லவில்லை.

ஜனவரி 12

ஓடெலைச் சுட்டவன் மேல் வழக்கு இல்லை. வழக்குத் தொடரலாமா என்று விசாரித்த ஜூரியின் முடிவு.

போன வாரம் நான் சாட்சி சொன்னபோது அரசு வழக்கறிஞர் கடைசியாகக் கேட்டது இதுதான்: “நடிக்கறதுதானே மிஸ்டர் டாக்கெட் உங்க தொழில்?”

ஜனவரி 15

நேற்று டாபின்ஸ் செத்த எபிசோடு. இன்று காவல் நிலையப் படிக்கட்டு கொள்ளாமல் பூ. மெழுகுவர்த்தி. குழந்தைகள் வரைந்த என் படம். செய்தியில் காட்டினார்கள்.

ஓடெலுக்காக அவன் வாசலில் எல்லோரும் வைத்திருந்த பூக்களை மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போனது. நடைபாதைக்கு இடைஞ்சலாம். டெல்ஃபின் நைட்டியோடு ஓடி வந்தாள். நானும் ஓடினேன். வண்டி போய்விட்டது.

பிப்ரவரி 21

கொரின் அட்லாண்டாவில் தங்கை வீட்டில் இருக்கிறாள். “நீயும் வா வெர்ன், என்னைய எதுக்கு விதவையாக்கற” என்று தினமும் போனில் அழுகிறாள். வேறு வேலை எதுவும் வரவில்லை. டெல்ஃபின் நகரத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்கிறார் அவளுடைய வக்கீல். விசாரணை வசந்தத்தில். அதுவரை இங்கேதான் இருப்பேன்.

காலையில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் போலீஸ் கார் மெல்ல வந்து என் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“இன்னும் இங்கதான் இருக்கீங்களா, சார்ஜென்ட்?”

“சார்ஜென்ட் செத்துட்டாரு. என் பேரு டாக்கெட்.”

“தெரியும்” என்றான். கண்ணாடி ஏறியது.